பாஸ்வேர்டு தப்பு, பழி ஹெச்பிஏ கோப்பின் மேல்

வாசகர் கேள்வி:

வணக்கம் ஐயா. ஒரு சிறிய நிறுவனத்தில் புரோகிராம் எழுதுவதும் சர்வரைப் பார்த்துக்கொள்வதும் நான் ஒருவன்தான். போன வாரம் எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் பாஸ்வேர்டை மாற்றினோம். அன்றிலிருந்து பைத்தானில் எழுதிய ரிப்போர்ட் புரோகிராம் மட்டும் டேட்டாபேஸுக்குள் போக மறுத்தது. எர்ரரின் கடைசி வரி, 'இந்த ஹோஸ்ட், இந்த யூசர், இந்த டேட்டாபேஸுக்கு ஹெச்பிஏ கோப்பில் வரி இல்லை, என்கிரிப்ஷன் இல்லை' என்றது. யார் எங்கிருந்து எப்படி உள்ளே வரலாம் என்று சர்வருக்குச் சொல்லும் அந்தக் கோப்போடு நான்கு நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் எல்லா முகவரிக்கும் 'ட்ரஸ்ட்' என்று கோப்பின் அடியில் ஒரு வரி சேர்த்தேன், புரோகிராம் ஓடிவிட்டது. ஆனால் ஓடும்போதும் சர்வர் லாகில் 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என்று வந்துகொண்டே இருக்கிறது. போதாததற்கு, பத்து விநாடிக்கு ஒருமுறை 'ரூட் என்ற ரோல் (டேட்டாபேஸ் கணக்கு) இல்லை' என்று இன்னொரு வரி. யாராவது உள்ளே நுழையப் பார்க்கிறார்களா? பாஸ்வேர்டு சரிதான், காப்பி செய்து ஒட்டியதுதான். வேறு டேட்டாபேஸுக்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலி தீருமா?

பதில்:

இதற்கு மேல் படிக்கும் முன் அந்த ட்ரஸ்ட் வரியை அழித்து, சர்வரை ரீலோட் செய்துவிட்டு வாருங்கள். ரிப்போர்ட் நின்றால் நிற்கட்டும். 'ட்ரஸ்ட்' என்றால் வருகிறவர் என்ன பெயர் சொன்னாலும் அப்படியே நம்பி உள்ளே விடு என்று அர்த்தம். 'நான்தான் போஸ்ட்கிரெஸ்' என்று ஒருவர் வந்து சொன்னால், பாஸ்வேர்டு கேட்காமல் அந்தப் பெயருள்ள சூப்பர்யூசராகவே, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்காகவே, உள்ளே விட்டுவிடும். சூப்பர்யூசருக்கு 'காப்பி' கட்டளை வழியாக அந்த மெஷினிலேயே புரோகிராம் ஓட்டும் வசதியும் உண்டு, 9.3 பதிப்பிலிருந்து, அதாவது 2013 முதல் இருக்கிறது. நீங்கள் திறந்து வைத்தது டேட்டாபேஸை மட்டும் என்று நினைத்தால் தப்பு. இன்னொன்றையும் மறக்காதீர்கள். ரீலோட் செய்தாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் கனெக்‌ஷன்கள் அறுந்துபோகாது. ஹெச்பிஏ கோப்பை சர்வர் வாசலில்தான் பார்க்கும், உள்ளே வந்தவரைத் திரும்பக் கேட்காது. யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பிஜி-ஸ்டாட்-ஆக்டிவிட்டியில் பார்த்து, தெரியாதவை இருந்தால் துண்டியுங்கள். நீங்கள் உருவாக்காத ரோல் ஏதாவது முளைத்திருக்கிறதா என்றும் ஒரு கண் ஓட்டுங்கள்.

முடித்துவிட்டீர்களா? இனி விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் பாஸ்வேர்டு தப்பு. காப்பி செய்து ஒட்டியது என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனாலும் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது வேறு எதுவோ. ஹெச்பிஏ கோப்பில் முதல் நாளிலிருந்தே எந்தக் குறையும் இல்லை. நான்கு நாள் நீங்கள் தட்டிக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுக் கதவை. உங்களை அங்கே அனுப்பி வைத்தது அந்தக் கடைசி வரி.

பைத்தான் என்கிறீர்கள். அப்படியானால் போஸ்ட்கிரெஸோடு பேசுவது பெரும்பாலும் சைக்காபிஜி, அதன் அடியில் போஸ்ட்கிரெஸின் சொந்த லிப்பிக்யூ லைப்ரரி. லிப்பிக்யூவில் எஸ்எஸ்எல்மோட் என்று ஒரு அமைப்பு உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அதன் மதிப்பு 'ப்ரிஃபர்'. முதலில் என்கிரிப்ஷனோடு போய்ப் பார், சரிப்படாவிட்டால் என்கிரிப்ஷன் இல்லாமல் இன்னொருமுறை போய்ப் பார் என்பது அதன் பொருள். எஸ்எஸ்எல், அதாவது என்கிரிப்ஷன், அமைவதில் சிக்கல் வந்தால் மட்டும்தான் அந்த இரண்டாவது முயற்சி நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எஸ்எஸ்எல் ஒழுங்காக அமைந்து, அதற்குள் பாஸ்வேர்டு தப்பாகப் போய், சர்வர் மறுத்தாலும் லிப்பிக்யூ திரும்பி வந்து என்கிரிப்ஷன் இல்லாமல் வெறுங்கையோடு மறுபடி தட்டும்.

உங்கள் ஹெச்பிஏ கோப்பை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த எர்ரரை வைத்தே சொல்லிவிடலாம்: அதில் 'ஹோஸ்ட்-எஸ்எஸ்எல்' என்று தொடங்கும் வரிதான் உங்கள் முகவரிக்கு இருக்கிறது. என்கிரிப்ஷனோடு வருகிறவருக்கு மட்டும் பொருந்தும் வரி அது. இப்போது இரண்டு தட்டலையும் வரிசையாகப் பாருங்கள். முதல் தட்டல் எஸ்எஸ்எல்லோடு போகிறது, ஹோஸ்ட்-எஸ்எஸ்எல் வரி பொருந்துகிறது, பாஸ்வேர்டு தப்பு, 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு'. இரண்டாவது தட்டல் எஸ்எஸ்எல் இல்லாமல் போகிறது, அதற்குப் பொருந்தும் வரி கோப்பில் இல்லை, 'ஹெச்பிஏ கோப்பில் வரி இல்லை, என்கிரிப்ஷன் இல்லை'. லிப்பிக்யூ இரண்டு பதிலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி உங்களிடம் தருகிறது. எர்ரரைக் கீழிருந்து படிப்பது நம் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. பைத்தான்காரர்களுக்கு இன்னும் கூடுதலாக, ஏனென்றால் பைத்தான் ட்ரேஸ்பேக்கில் கடைசி வரிதான் விஷயம். இங்கே அந்தப் பழக்கமே கவிழ்த்துவிட்டது. கடைசி வரி பொய் சொல்லவில்லை; என்கிரிப்ஷன் இல்லாமல் வருகிறவருக்கு உண்மையிலேயே வரி இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அது நீங்கள் கேட்காத கேள்விக்கு வந்த பதில்.

ட்ரஸ்ட் வரி போட்டதும் ஓடியதே, அது எப்படி என்று கேட்பீர்கள். ஹெச்பிஏ கோப்பை சர்வர் மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்தும் வரிதான் முடிவு. அதில் தோற்றால் அடுத்த வரிக்கு நகராது. ஆகவே எஸ்எஸ்எல் தட்டல் இப்போதும் மேலே இருக்கும் பழைய வரியில் மோதி, பாஸ்வேர்டு தப்பு என்று விழுகிறது. உடனே நடக்கும் வெறுந்தட்டல் அந்த வரிக்குப் பொருந்தாமல் இறங்கி வந்து, நீங்கள் அடியில் போட்ட ட்ரஸ்ட் வரியில் உட்கார்ந்துவிடுகிறது. பாஸ்வேர்டும் இல்லை, என்கிரிப்ஷனும் இல்லை. 'ஓடும்போதும் லாகில் ஃபெயில்டு வருகிறது' என்றீர்களே, ஒவ்வொரு ஃபெயில்டு வரிக்குப் பின்னாலும் இந்த நாடகம்தான். நீங்கள் எழுதியதிலேயே உருப்படியான துப்பு அதுதான். அதை உபரியாக நினைத்துக் கடைசியில் சொன்னீர்கள்.

நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். பழைய லாகைத் திறந்து பாருங்கள். லாக்-கனெக்‌ஷன்ஸ் அமைப்பு 'ஆன்' என்று இருந்தால், ஒவ்வொரு தட்டலுக்கும் 'கனெக்‌ஷன் ரிசீவ்டு' என்று ஒரு வரி, அதோடு கிளையன்ட்டின் போர்ட் எண்ணும் இருக்கும். ஃபெயில்டு ஆனது ஒரு போர்ட், சில மில்லிசெகண்ட் கழித்து உள்ளே போனது வேறு போர்ட், புராசஸ் எண்ணும் வேறு. உள்ளே போனதற்கான 'ஆதரைஸ்டு' வரியில் எஸ்எஸ்எல் பற்றிய பேச்சே இருக்காது. லாக்-கனெக்‌ஷன்ஸ் இல்லாமலிருந்தாலும், இணைந்திருக்கும் ஒவ்வொரு கனெக்‌ஷனும் என்கிரிப்ஷனோடு இருக்கிறதா என்று பிஜி-ஸ்டாட்-எஸ்எஸ்எல் வியூ சொல்லும்.

இதை ஒட்டிய இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லாக்-கனெக்‌ஷன்ஸை ஆன் செய்ததும் அடுத்து அதைக் கேட்டுத்தான் எழுதுவீர்கள். பிஎஸ்க்யூஎல் என்ற கட்டளைவரிக் கருவி வழியாகக் கையால் ஒருமுறை உள்ளே போனாலும் 'ரிசீவ்டு' இரண்டு முறை வரும். பாஸ்வேர்டு தேவைப்படுமா என்பதே அதற்கு முன்கூட்டித் தெரியாது. போய்த் தட்டும், சர்வர் பாஸ்வேர்டு கேட்கும், கையில் இல்லை, பேசாமல் இணைப்பை அறுத்துக்கொண்டு வந்து உங்களிடம் கேட்கும், வாங்கிக்கொண்டு மறுபடி போகும். சர்வரை எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கேட்டதும் பதில் சொல்லாமல் அறுத்துக்கொண்டு போகிறவரைத் தோல்வியாக லாகில் எழுத வேண்டாம், எழுதினால் வெற்றிகரமான ஒவ்வொரு பிஎஸ்க்யூஎல் நுழைவுக்கும் ஒரு வெட்டி வரி விழும் என்று சோர்ஸ் கோடில் குறிப்பே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கரிசனம் ப்ரிஃபர் விஷயத்திலும் காட்டப்பட்டிருந்தால் உங்களுக்கு நான்கு நாள் மிஞ்சியிருக்கும். ஆவணத்திலேயே 'ப்ரிஃபர்' பாதுகாப்பு நோக்கில் அர்த்தமற்றது, பழைய புரோகிராம்களுக்காக வைத்திருக்கிறோம் என்கிற மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் டிஃபால்ட் அதுதான்.

ஆகவே இரண்டாவது வேலை: உங்கள் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் எஸ்எஸ்எல்மோடை 'ரெக்வயர்' என்று மாற்றுங்கள். இனி அந்த வெறுந்தட்டல் நடக்காது. எர்ரரிலும் உண்மையான காரணம் மட்டும் தனியாக நிற்கும். ரெக்வயர் என்பது என்கிரிப்ஷன் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் பிடிவாதம் பிடிக்கும், எதிரில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்று சரிபார்க்காது. அதற்கு 'வெரிஃபை-ஃபுல்' வேண்டும், அதற்குச் சான்றிதழ் வேலை கொஞ்சம் உண்டு. அதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி பாஸ்வேர்டு. கிளையன்ட் பக்கம் வரும் எர்ரரை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் ஒன்றும் கிடைக்காது. ரோலே இல்லாவிட்டாலும், ரோலுக்குப் பாஸ்வேர்டே வைக்காவிட்டாலும், காலாவதியாகியிருந்தாலும், உண்மையிலேயே தப்பாக இருந்தாலும் கிளையன்ட்டுக்கு வருவது ஒரே வாசகம், 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு'. இது சோம்பேறித்தனம் அல்ல, வேண்டுமென்றே செய்தது. எந்தப் பெயர் இருக்கிறது, எது இல்லை என்று வெளியாள் தெரிந்துகொள்ளக் கூடாது. ஸ்க்ராம் என்ற புதிய பாஸ்வேர்டு சரிபார்ப்பு முறையில் இதை ஒரு படி மேலேயே செய்கிறார்கள்: இல்லாத பெயரைச் சொன்னாலும் சர்வர் போலியாக ஒரு சால்ட்டை (பாஸ்வேர்டோடு கலக்கும் தற்செயல் எழுத்துகளை) தயாரித்து அனுப்பி, முழு உரையாடலையும் நடத்திவிட்டுக் கடைசியில்தான் மறுக்கும்.

ஆனால் உங்களுக்கு சர்வர் லாக் கையில் இருக்கிறது. அங்கே ஃபெயில்டு வரிக்குக் கீழே 'டீட்டெய்ல்' என்று ஒரு வரி வரும். அதைத்தான் யாரும் படிப்பதில்லை. ரோல் இல்லை, பாஸ்வேர்டு வைக்கவில்லை, காலாவதி என்றெல்லாம் அங்கே வெளிப்படையாகச் சொல்லும். அந்த யூசருக்குச் செல்லுபடியாகும் ஸ்க்ராம் ரகசியம் இல்லை என்று வந்தால், பாஸ்வேர்டு பழைய எம்டி5 வடிவத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது, ஹெச்பிஏ கோப்போ ஸ்க்ராம் கேட்கிறது. பாஸ்வேர்டை மறுபடி ஒருமுறை வைத்தால் தீர்ந்தது. (14ஆம் பதிப்பில் டிஃபால்ட்டே ஸ்க்ராமுக்கு மாறியதும் நிறையப் பேர் இதில் வழுக்கி விழுந்தார்கள்.) இவை எதுவும் இல்லாமல், 'ஹெச்பிஏ கோப்பின் இத்தனையாவது வரி பொருந்தியது' என்று மட்டும் இருந்தால், அனுப்பிய பாஸ்வேர்டு ஒட்டவில்லை என்று அர்த்தம். அந்த வரி எண்ணே ஒரு பரிசுதான். எந்த வரி பொருந்தியது என்று சர்வரே சொல்லும்போது ஹெச்பிஏ கோப்பில் நான்கு நாள் குடியிருந்திருக்க வேண்டியதில்லை.

காப்பி செய்த பாஸ்வேர்டு எப்படி மாறும்? என் கதையைச் சொல்கிறேன். ஒருமுறை நள்ளிரவு வரை இதே ஃபெயில்டு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்வேர்டு ஒரு ஃபைலில் இருந்தது, திறந்து பார்த்தால் எழுத்துக்கு எழுத்து சரி. கையால் அடித்தால் உள்ளே போகிறது, புரோகிராம் போனால் விழுகிறது. கடைசியில் பொறுமை இழந்து, புரோகிராம் கையில் வைத்திருக்கும் பாஸ்வேர்டின் நீளத்தை மட்டும் அச்சிடச் சொன்னேன். 16 வர வேண்டிய இடத்தில் 17. ஃபைலை எக்கோ கட்டளையால் உருவாக்கியிருந்தேன், அது கடைசியில் ஒரு நியூலைனை ஒட்டி வைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு எழுத்துக்கு ஒரு ராத்திரி போயிற்று.

நீங்களும் நீளத்தில் தொடங்குங்கள். பாஸ்வேர்டை அச்சிட வேண்டாம், நீளம் போதும். நீளம் கூடியிருந்தால் நியூலைன் அல்லது இடைவெளி. குறைந்திருந்தால் உங்கள் புதிய பாஸ்வேர்டில் டாலர் குறி இருக்கிறதா பாருங்கள். ஷெல்லில் இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் டாலரோடு அடுத்து வருவதை மாறி என்று நினைத்து ஷெல் விழுங்கிவிடும். யூஆர்எல் வடிவத்தில் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் எழுதியிருந்தால் சதவீதக் குறியைக் கவனியுங்கள். அதை அடுத்து இரண்டு இலக்கம் வந்தால், மூன்றும் சேர்ந்து சத்தமில்லாமல் ஒரே எழுத்தாகிவிடும். எர்ரர்கூட வராது, நேரே ஃபெயில்டுதான். சதவீதக் குறியை யூஆர்எல்லில் %25 என்று எழுத வேண்டும். நீளம் சரியாகவே இருந்து இன்னும் விழுந்தால், புரோகிராம் பழைய பாஸ்வேர்டை வேறெங்கிருந்தோ எடுக்கிறது. லிப்பிக்யூ தன்னிடம் பாஸ்வேர்டு தரப்படாவிட்டால் பிஜிபாஸ்வேர்டு என்ற என்விரான்மென்ட் மாறியைத் தேடும், அதுவும் இல்லாவிட்டால் ஹோம் டைரக்டரியில் இருக்கும் பிஜிபாஸ் ஃபைலைத் தேடும். உங்கள் மற்ற புரோகிராம்கள் ஒழுங்காக ஓடி இது மட்டும் விழுவதால், என் பந்தயம் இதன் மேல்தான். பிஜிபாஸிலிருந்து எடுத்திருந்தால் எர்ரரிலேயே 'பாஸ்வேர்டு இந்த ஃபைலிலிருந்து எடுக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். எர்ரர் முழுவதையும் மேலிருந்து படித்துப் பாருங்கள்.

ரூட் விஷயம் எளிது. பத்து விநாடி, பிசகாமல் பத்து விநாடி என்றால் அது திருடன் இல்லை, உங்கள் வீட்டுக் கடிகாரம். டேட்டாபேஸைக் கன்டெய்னரில் ஓட்டுகிறீர்கள் என்றால், அதன் ஹெல்த்செக்கில், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கும் பிஜி-ஈஸ்ரெடி கட்டளை இருக்கும், யூசர் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள். பெயர் கொடுக்காவிட்டால் ஓஎஸ் யூசரின் பெயரையே எடுத்துக்கொள்ளும். கன்டெய்னருக்குள் அது ரூட். சர்வர் 'அப்படி ஒரு ரோல் இல்லை' என்று பதில் சொன்னதே பிஜி-ஈஸ்ரெடிக்குப் போதும். பதில் வந்துவிட்டது, ஆக சர்வர் உயிரோடு இருக்கிறது என்று பச்சைக்கொடி காட்டிவிடும். ஹெல்த்செக் பச்சை, லாக் சிவப்பு. கட்டளையில் யூசர் பெயரையும் டேட்டாபேஸ் பெயரையும் சேர்த்தால் வரி நின்றுவிடும். உறுதி செய்துகொள்ள, ஒவ்வொரு லாக் வரியின் முன்னும் என்ன வர வேண்டும் என்று சொல்லும் லாக்-லைன்-ப்ரிஃபிக்ஸில் கிளையன்ட் முகவரியைச் சேருங்கள், டிஃபால்ட்டில் அது வராது. உள்ளேயிருந்து சாக்கெட் வழியாக வருவதற்கு 'லோக்கல்' என்று காட்டும்.

உண்மையான உடைப்பு முயற்சி வேறு மாதிரி இருக்கும். வெளி முகவரி, ஒழுங்கற்ற இடைவெளி, அட்மின், டெஸ்ட், போஸ்ட்கிரெஸ் என்று மாறி மாறிப் பெயர்கள். அதுவும் கதவு பூட்டியிருந்தால்தான் லாகில் தெரியும். நீங்கள் ட்ரஸ்ட் போட்டிருந்த நாட்களில் ஒருவர் சரியான ரோல் பெயரைச் சொல்லி வந்திருந்தால் ஃபெயில்டு என்ற வரியே விழுந்திருக்காது. ஆகவே அந்த நாட்களின் லாகில் தோல்விகளைத் தேடாதீர்கள், உங்களுக்குத் தெரியாத முகவரியிலிருந்து வெற்றிகரமாக உள்ளே வந்தவற்றைத் தேடுங்கள்.

வேறு டேட்டாபேஸுக்கு மாறினால் தீருமா என்றால், தீராது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர், லாகினை மறுக்கும் 18456 என்ற எர்ரரில் கிளையன்ட்டுக்கு எப்போதும் 'ஸ்டேட் 1' என்றுதான் சொல்லும். பெயர் இல்லையா (5), பாஸ்வேர்டு தப்பா (8), கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லையா (38) என்ற நிஜ எண் சர்வரின் எர்ரர் லாகில் மட்டும் இருக்கும். 38 வந்தால் பாஸ்வேர்டில் கோளாறே இல்லை, ஆனாலும் கிளையன்ட்டுக்கு 'லாகின் ஃபெயில்டு' என்ற வரியும் வரும். மைஎஸ்க்யூஎல்லின் 1045 என்ற எர்ரரில் 'பாஸ்வேர்டு பயன்படுத்தியது: யெஸ்' என்று அடைப்புக்குறிக்குள் வரும். ஏதோ ஒரு பாஸ்வேர்டு அனுப்பப்பட்டது, அவ்வளவுதான்; அது சரி என்று அர்த்தம் செய்துகொண்டு ஒருநாள் முழுக்கச் சுற்றியவர்களை நான் அறிவேன். அங்கே யூசர் என்பது பெயரும் ஹோஸ்டும் சேர்ந்தது. பழைய நிறுவல்களில் லோக்கல்ஹோஸ்டுக்கென்று பெயரில்லாத ஒரு கணக்கு இருக்கும். உங்கள் கணக்கு எல்லா ஹோஸ்டுக்கும் என்று வைத்திருந்தால், லோக்கல்ஹோஸ்டிலிருந்து வரும்போது உங்களை முந்திக்கொண்டு அந்தப் பெயரில்லாதவர் பொருந்திவிடுவார், அவருடைய பாஸ்வேர்டோடு உங்களுடையதை ஒப்பிட்டு மறுத்துவிடும். ஊர் மாறினாலும் வாசல்காவலர் பேச்சு ஒரே மாதிரிதான்.

இன்று செய்ய வேண்டியது: ட்ரஸ்ட் போன பிறகு, ரெக்வயர் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். விழும், விழட்டும். அந்த நேரத்து சர்வர் லாகில் ஃபெயில்டு வரியும் அதன் கீழ் டீட்டெய்ல் வரியும், கூடவே புரோகிராம் அச்சிட்ட பாஸ்வேர்டு நீளமும் எனக்கு வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் தயவுசெய்து எழுதி அனுப்பாதீர்கள். போன கடிதத்தில் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கோடு சேர்த்து அனுப்பியிருந்தீர்கள், அழித்துவிட்டேன். ஆனாலும் அதை இன்றே மாற்றிவிடுங்கள், இந்த முறை சதவீதக் குறியும் டாலரும் இல்லாமல்.